திரை வந்துச்சா?

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மார்ஜின் என்றால் போதும். பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுகிற வேலை அவருக்கு. எழுத்தும் படமும் கணினியில் வந்து சேரும். அவற்றை அடுக்கி, அளந்து, அச்சுக்குப் போகிற பக்கமாக்கிக் கொடுக்க வேண்டும். பக்கத்தின் நாலு ஓரத்திலும் விடவேண்டிய வெள்ளை இடத்தில் ஒரு மயிரிழை கூடிவிட்டாலும் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் வந்த பெயர். அங்கே யாராவது ‘மார்ஜின் பாத்துட்டாரா?’ என்று கேட்டால், அச்சுக்கு அனுப்பலாமா என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவருக்கு ஓரங்கள்தாம் முதலில் போயின.

இடது பக்கம் கதவு நிலையில் தோள் இடித்தது. மேசையின் இடது மூலையில் இருந்த டம்ளர் கை பட்டு விழுந்தது. நேற்றும் விழுந்தது, போன வாரமும் விழுந்தது. ‘கை காலெல்லாம் உங்க பேச்சக் கேக்கறதில்லையா?’ என்று மனைவி துணியை எடுத்துக்கொண்டு வருவாள். அவரும் சிரிப்பார். பிறகு ஒருநாள், வேறு வேலையாகப் போகிறவர்போல் வீட்டைவிட்டுக் கிளம்பி, கண் டாக்டரிடம் போனார். டாக்டர் அவர் தாடையை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி, எங்கெங்கோ சின்னச் சின்ன வெளிச்சங்களைக் காட்டி, பார்க்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். அவர் உஷாராக அழுத்தினார். தெரிந்தபோதும் அழுத்தினார், தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியபோதும் அழுத்தினார். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, ‘சார், இது பரிட்சை இல்ல. வெளிச்சம் வராதப்ப நீங்க ஏன் அழுத்தறீங்க?’ என்றார்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு தேய்ந்திருக்கிறது. இடது கண் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வலது கண்ணும் இடப்பக்கத்திலிருந்து மூடிக்கொண்டு வருகிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். சொட்டு மருந்து தவறாமல் விட வேண்டும். டாக்டர் இதையெல்லாம் சொன்னபோது அவர் கல்லுப்போல உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். ‘அடுத்த தடவை வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க’ என்று சொன்னதுதான் தாங்கவில்லை. அடுத்த தடவை என்று ஒன்று வரவேயில்லை. சொட்டு மருந்துப் புட்டியை மனைவி பார்த்துக் கேட்டதற்கு, ‘ராத்திரி பகல் ஸ்க்ரீனப் பாக்கறோம்ல, கண்ணு காஞ்சு போகுது’ என்றார். அவளும் நம்பினாள்.

பொய் சொல்லிப் பழகியவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் ‘எனக்குத் தெரியல’ என்ற சொல் மட்டும் அந்த வாயில் வராது. கல்யாணமான புதிதில் வழி தெரியாத ஊரில் மனைவியைச் சுற்றிச் சுற்றி நடக்கவைத்து, ஒரே கடையை மூன்றாவது முறை கடந்தபோதும் ‘இதோ வந்துட்டோம்’ என்றவர். அவள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். ‘வழி கேட்டா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடும் இவருக்கு.’

கண் குறையக் குறைய அவர் வேலையைத் தன் கண்ணுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். வெள்ளைத் திரை ஊசியாகக் குத்தியதால், கணினியின் முகப்பை வெறும் கருப்பாக்கினார். படம் கிடையாது, குறிகள் கிடையாது. மை கொட்டியதுபோல் ஒரே கருப்பு. எழுத்தைப் பெரிதாக்கினார். மடிக்கணினியின் சின்னத் திரையில் பெரிதாக்கினால் நாலு சொல்லுக்குமேல் நிற்காது. பக்கத்தின் தலையும் தெரியாது, காலும் தெரியாது. அதற்குத்தான் பெரிய திரை. எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்று அலுவலகம் சொன்னபோது கூடவே கொடுத்தனுப்பிய மானிட்டர். மேசையில் மடிக்கணினிக்கு இடப்பக்கம், சுவரை ஒட்டி அது நிற்கும். முழுப் பக்கத்தையும் அதில் பரப்பிவிட்டு, தலையை மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பி, துண்டு துண்டாகப் பக்கத்தைச் சேர்த்துக்கொள்வார். அந்தத் திரை இருக்கும்வரை தான் மார்ஜின்தான் என்று அவருக்கு நம்பிக்கை இருந்தது.

அது இருந்தும் போன புத்தகத்தில் பிசகிவிட்டது. இடப்பக்கத் தாள்களில் பக்க எண்கள் பாதி வெட்டுப்பட்டு அச்சாகிவிட்டன. மென்பொருளின் மேல் பழியைப் போட்டுச் சமாளித்தார். மேடம் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத் தயாரிப்பு முழுவதும் அந்த அம்மாள் கையில்தான். நேற்று அவளே கூப்பிட்டாள். ‘சார், நாளைக்கு மத்தியானம் அறிவியல் புத்தகத்த ஒரு தடவ சேர்ந்து பாத்துடலாம். உங்க ஸ்க்ரீன ஷேர் பண்ணுங்க. நீங்க திருத்துங்க, நாங்க கூட இருந்து பாக்கறோம்.’

சாதாரணமான பேச்சுதான். ஆனால் அவர் இந்தத் தொழிலில் தலை நரைத்தவர். சேர்ந்து பார்ப்பது என்றால் என்ன என்று அவருக்குப் புரியும். இன்றைக்குத் தடுமாறினால் அறிவியல் புத்தகம் போகும்; அறிவியல் போனால் மற்றதும் போகும்.

இன்று காலையில் கணினியைத் திறந்தால், உயிரே இல்லை. மின்கம்பி இடப்பக்கம் செருகியிருந்தது; எப்போதோ கை பட்டு நழுவியிருக்கிறது, அவர் பார்க்கவில்லை. பேட்டரி வற்றித் தானாகவே அணைந்திருந்தது. மாதக்கணக்கில் அவர் அதை அணைத்ததே கிடையாது. மூடியைச் சாத்துவார், திறப்பார், அவ்வளவுதான். கம்பியைச் சரியாகச் செருகி, முடுக்கினார். மடிக்கணினித் திரையில் கருப்பு முகப்பு வந்தது. பெரிய திரை வரவில்லை. மூக்கு இடிக்கிற தூரத்துக்குக் குனிந்து பார்த்தார். அதன் கீழ் விளிம்பில் கடுகளவு விளக்கு ஆரஞ்சாக எரிந்தது. மின்சாரம் இருக்கிறது, படம்தான் வரவில்லை.

அந்த நேரம்தான் மனைவி வேலை முடிந்து வந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு முழுக்க விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற வேலை. பகலில்தான் தூக்கம். வீட்டில் இருப்பதே ஒரு பெரிய அறையும் சமையலறையும். அறையை அலமாரி ஒன்று இரண்டாகப் பிரித்தது. அந்தப் பக்கம் கட்டில், இந்தப் பக்கம் இவருடைய மேசை. அவள் கால் கழுவிக்கொண்டு வந்து படுத்து, போர்வையை இழுத்துக்கொண்டே சொன்னாள்.

‘இன்னிக்கென்ன, உங்க மிஷின் மூச்சையே காணோம்? நிம்மதியா இருக்கு போங்க.’

அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார்.

தம்பி கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். இவருடைய அலுவலகம் எல்லோரையும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றியபோது இந்த மடிக்கணினியில் அதை ஏற்றிக் கொடுத்ததும் அவன்தான். அத்தான் என்றால் அவனுக்குப் பிரியம். பிரியத்தைக் கிண்டலாகத்தான் காட்டத் தெரியும்.

‘அத்தான்! காலங்காத்தால கூப்பிட்டிருக்கீங்க. ஒண்ணு அக்கா அடிச்சிருக்கணும், இல்ல லினக்ஸ் அடிச்சிருக்கணும்.’

‘லினக்ஸுதான் மாப்ளே. பெரிய ஸ்க்ரீன் வரல.’

‘கேபிள் மாத்திப் பாத்தீங்களா?’

‘இப்ப மாத்தறேன்.’

டிவியிலிருந்து கேபிளை உருவி வந்து மாட்டினார். துளை எங்கே இருக்கிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடித்தார். வரவில்லை. மானிட்டரில் பழுதோ என்று டிவியின் செட்டாப் பெட்டியிலிருந்து படத்தை அதற்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பளிச்சென்று வந்தது. ஆக மானிட்டரும் நல்லது, கேபிளும் நல்லது. கோளாறு மடிக்கணினியில்தான்.

‘சரி, கட்டளை சொல்றேன், அடிங்க’ என்றான் தம்பி. ‘என்னென்ன திரை மாட்டியிருக்குன்னு அதுவே சொல்லும்.’

அவர் கட்டளை அடிக்கும் கருப்புச் சன்னலைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி, அதை அடித்து, திரையில் முகம் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். ஒரே ஒரு திரைதான் இருந்தது, மடிக்கணினியின் சொந்தத் திரை. மற்றது இணைக்கப்படவில்லை என்றுகூட இல்லை. அப்படி ஒரு துளை இருப்பதாகவே கணினிக்குத் தெரியவில்லை.

‘ஓஹோ’ என்றான் தம்பி. விளையாட்டுக் குரல் போய்விட்டது. ‘அத்தான், உங்க மிஷின்ல கிராபிக்ஸ் சிப்பு ரெண்டு. சின்னது சாதுவானது, லேப்டாப் திரையோட நின்னுக்கும். பெரியது முரடு, கரண்ட்டு தின்னும், சூடாகும். உங்க மாடல்ல வெளித்திரைக்குப் போற துளை இருக்கு பாருங்க, அது நேரா பெரியவன் வீட்டு வாசல். அவன் தூங்கினா கதவு சாத்திக்கும். நீங்க வெளிய நின்னு எவ்வளவு தட்டினாலும் திறக்க ஆளில்ல.’

‘அவன் ஏன் தூங்கறான்?’

‘அதான் கேக்கறேன். நீங்க எதையாவது நோண்டினீங்களா?’

‘நான் ஏன்டா நோண்டறேன்?’

சொல்லி வாய் மூடவில்லை, அலமாரிக்கு அந்தப் பக்கம் மனைவியின் குறட்டை கேட்டது. சீரான, ஆழமான குறட்டை. இந்த நேரத்தில் அவள் புரண்டு புரண்டு படுப்பாள். மடிக்கணினியின் விசிறி இரைந்துகொண்டே இருக்கும். இன்றைக்கு இரைச்சல் இல்லை. நிம்மதியா இருக்கு போங்க.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வேலை மும்முரமாக இருந்த ஒரு மாதத்தில், தூக்கமில்லாமல் அவள் கண் சிவந்து திரிவதைப் பார்க்கமாட்டாமல், விசிறியை அடக்க என்ன வழி என்று இணையத்தில் துழாவினார். பெரிய சிப்பை அணைத்துவிடு, சூடும் அடங்கும் சத்தமும் அடங்கும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதில் இருந்த கட்டளையை எழுத்து மாறாமல் அடித்தார். விசிறி அடங்கவில்லை. இதெல்லாம் சும்மா என்று அப்போதே மறந்தும் போனார். கணினியை அணைத்து முடுக்கினால்தான் அது நடப்புக்கு வரும் என்பதை அவர் படிக்கவில்லை. அந்த வரி பக்கத்தின் ஓரத்தில் இருந்திருக்கலாம்.

நேற்று ராத்திரி கம்பி நழுவி, பேட்டரி செத்து, அந்தப் பழைய கட்டளைக்கு இன்றைக்கு உயிர் வந்துவிட்டது. அவள் தூங்குகிறாள். இவருக்குத் திரை இல்லை.

‘மாப்ளே, நான்தான் அணைச்சேன்’ என்றார் மெதுவாக. ‘உங்க அக்கா தூங்கட்டுமேன்னு.’

‘பொண்டாட்டிக்காகத் தாஜ்மகால் கட்டினான் ஒருத்தன். நீங்க சிப்பை அணைச்சிருக்கீங்க. சரி, எழுப்பிடலாம். சின்னவனே எப்பவும் இருக்கட்டும், வேணுங்கறப்ப பெரியவன் எழுந்துக்கட்டும், அப்படி ஒரு முறை இருக்கு. அடிங்க.’

அடித்தார். கணினியை அணைத்து முடுக்கினார். முகப்பு வருவதற்கு முன்பே விசிறி இரையத் தொடங்கியது. அலமாரிக்கு அந்தப் பக்கம் குறட்டை அறுந்தது, கட்டில் கிரீச்சென்றது. மறுபடி அந்தப் பட்டியல் கட்டளை. இப்போது இரண்டு திரைகள். இரண்டாவதும் இணைக்கப்பட்டிருக்கிறது.

‘அப்பாடா’ என்றான் தம்பி. ‘திரை வந்துச்சா?’

அவர் இடப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தார். பெரிய திரை கருப்பாகக் கிடந்தது.

‘வரல.’

‘வரலயா? பட்டியல்ல இருக்குன்னீங்க!’

‘பட்டியல்ல இருக்கு. திரைல இல்ல.’

‘கீழ விளக்கு என்ன நிறம்?’

‘ஆரஞ்சு’ என்றார்.

குனிந்து பார்க்கவில்லை. காலையில் பார்த்தது ஆரஞ்சு. திரை கருப்பாக இருக்கும்போது வேறு என்ன நிறம் இருக்கப்போகிறது? அவர் பார்த்ததைச் சொல்வதில்லை; இருக்கவேண்டியதைச் சொல்கிறார். கொஞ்ச காலமாக அப்படித்தான் நாள் ஓடிக்கொண்டிருந்தது, தெருவைக் கடப்பதுகூட.

தம்பிக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. விளக்கு ஆரஞ்சு என்றால் படம் போய்ச் சேரவில்லை. பட்டியலில் இருந்தும் போய்ச் சேரவில்லை என்றால் கோளாறு வேறு ஆழத்தில் இருக்கிறது. அவன் கடையில் வந்த ஆட்களைக் காக்கவைத்துவிட்டுத் தோண்டத் தொடங்கினான். படத்தின் அளவைக் குறைக்கச் சொன்னான். வந்துச்சா? இல்ல. கேபிளைப் பிடுங்கி, பத்து எண்ணி, மாட்டச் சொன்னான். வந்துச்சா? இல்ல. பெரிய சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருளைக் கழற்றி வேறொன்று மாட்டினார்கள். மறுபடி அணைத்து முடுக்கினார்கள். லினக்ஸின் பழைய பதிப்பு ஒன்று உள்ளே இருக்கும், அதில் ஏறிப் பாருங்கள் என்றான். ஏறிப் பார்த்தார்.

‘இப்போ? வந்துச்சா?’

‘இல்லடா.’

‘விளக்கு?’

‘அதேதான்.’

நடுவில் சுட்டி அம்புக்குறி வேறு காணாமல் போனது. மவுஸை இழுத்துக்கொண்டே போனால் திரையின் விளிம்பில் போய்த் தொலைந்துவிடும். திரும்ப இழுத்தால் எங்கிருந்தோ வரும். அம்புக்குறி காணாமல் போவது அவருக்குப் புதிதில்லை. பழியைத் தன் கண்மேல் போட்டுவிட்டு, அதைப்பற்றி மேலே யோசிக்கவில்லை.

‘அத்தான், எனக்கு மண்டை காயுது’ என்றான் தம்பி. ‘இப்படி நடக்கவே கூடாது. வீடியோ போடுங்க, நான் கண்ணால பாக்கறேன்.’

‘போன் கேமரா சரியில்ல.’

‘ஒரு போட்டோவாச்சும்?’

‘நான்தான் சொல்றேன்ல? என் வார்த்தைமேல நம்பிக்கையில்லையா உனக்கு?’

‘நம்பிக்கை எல்லாம் இருக்கு. அதான் பிரச்சினையே. நீங்க சொல்றது எல்லாம் சரின்னா, இந்த உலகத்துல இது நடக்க முடியாது.’

வெயில் சன்னல் வழியாக மேசைவரை வந்துவிட்டது. மேடம் கூப்பிட அதிக நேரமில்லை. பெரிய திரை இல்லாமல் சின்னத் திரையிலேயே சமாளித்தால் என்ன என்று ஒரு பக்கத்தைத் திறந்து பெரிதாக்கினார். ‘தாவரங்களின் வே’ என்றது திரை. அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன? ஒரு யானையைச் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

அலமாரி ஓரமாக மனைவி வந்து நின்றாள். கூந்தல் கலைந்து, கன்னத்தில் தலையணை வரி.

‘செத்த நேரம் தூங்க விட்டீங்களா? காத்தால ஒழுங்காத்தானே இருந்துச்சு, மறுபடி ஏன் இப்படி அலறுது?’

‘பெரிய ஸ்க்ரீன் வரலம்மா. உன் தம்பியும் நானும் மாரடிச்சிட்டிருக்கோம்.’

‘எந்த ஸ்க்ரீன்?’

‘இதான். வேற எது?’

அவள் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

‘அதான் வந்துடுச்சே.’

‘எங்க வந்துச்சு? கருப்பாக் கிடக்கு.’

‘உங்க திரையே கருப்புதானே. அம்புக்குறி ஓடுதே அதுல. கீழ நீல விளக்கு எரியுது.’

போன் மேசைமேல் ஒலிபெருக்கியில் கிடந்தது. தம்பியின் குரல் அதிலிருந்து வந்தது. ‘அக்கா, என்ன சொன்ன? நீலமா?’

‘ஆமா. நீலம்.’

‘ஆரஞ்சு இல்லயா?’

‘நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாதாடா எனக்கு?’

விசிறி மட்டும் இரைந்தது. தம்பி எதையோ கணக்குப் போடுவது போனின் மௌனத்திலேயே கேட்டது. பெரிய சிப்பை எழுப்பி முதல் தடவை முடுக்கியபோதே திரை வந்துவிட்டது. வெறும் கருப்பு முகப்பு, மடிக்கணினியின் பக்கத்தில் நீட்டிவிட்ட இரண்டாம் திரையாக. தொலைந்து தொலைந்து போன அம்புக்குறி அங்கேதான் நடமாடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அவர்கள் செய்ததெல்லாம், வந்த திரையைத் தேடியது.

‘அத்தான்’ என்றான் தம்பி. கிண்டல் துளிகூட இல்லை. ‘நீங்க விளக்கைப் பாத்தீங்களா இல்லயா?’

‘கண்ணாடியத் தொடைக்கல’ என்றார் அவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் தேய்த்தார். ‘தூசு. அதான்.’

‘நான் அப்புறம் கூப்பிடறேன் அக்கா’ என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

மனைவி கேட்கத்தான் வாயெடுத்தாள், அதற்குள் கணினியில் மணி அடித்தது. மேடம்.

‘இன்னிக்கு முடியலன்னு சொல்லிடுங்க’ என்றாள் மனைவி. ‘உடம்பு சரியில்லன்னு சொல்லுங்க.’

‘இன்னிக்கு இல்லன்னா என்னிக்கும் இல்ல’ என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கத்தைப் பெரிய திரைக்குத் தள்ளிவிட்டு, அழைப்பை எடுத்தார்.

முதல் சில பக்கங்கள் நன்றாகவே போயின. தலையை அசைத்து அசைத்துப் பார்த்தார். மேடம் சொல்லுமுன்பே இரண்டு இடத்தில் பிசகைப் பிடித்து நேராக்கினார். ‘மார்ஜின்னா சும்மாவா?’ என்று அந்தப் பக்கம் யாரோ சொன்னார்கள். அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. மனைவி அவருக்குப் பின்னால், கேமராவில் படாமல், சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள்.

‘அடுத்த பக்கம் சார். வேர்ப் படம் இருக்கே, அதுக்கு இடப்பக்கம் பாருங்க. ஒரு வரி ஓரத்தத் தாண்டி வெளிய தொங்குது. அத மட்டும் உள்ள எடுத்துடுங்க.’

படம் கிடைத்தது. படத்தின் இடப்பக்கம் போனார். அங்கே எழுத்து மங்கி, மங்கி, பிறகு ஒன்றுமில்லாமல் போனது. தலையை இன்னும் திருப்பினார். அப்படித் திருப்பியதில் படமும் நழுவிப் போயிற்று. திரும்பி வந்தார்.

‘தெரியுதா சார்?’

‘தெரியுது மேடம்.’

மனைவி ஓசைப்படாமல் முன்னால் வந்தாள். குனிந்து, கேமராவுக்கு எட்டாமல் கையை நீட்டி, பெரிய திரையில் அந்த வரியின்மேலேயே விரலை வைத்தாள். சலவைச் சோப்பில் வெடித்த விரல். வரி விரலுக்கு அடியில் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் அம்புக்குறியைக் கொண்டுபோய், படத்தின் மேலே ஒழுங்காக உட்கார்ந்திருந்த வேறொரு வரியைப் பிடித்து, உள்ளே இழுத்துவிட்டார்.

‘முடிஞ்சுது மேடம்’ என்றார்.

அவள் விரலை எடுக்கவில்லை. எடுக்க மறந்துவிட்டாள்.

‘சார்… அது சரியா இருந்த வரி’ என்றாள் மேடம். யாரோ தொண்டையைச் செருமினார்கள். மேடமே தொடர்ந்தாள். ‘பரவால்ல சார். இன்னிக்கு இது போதும். நாங்க சொல்றோம்.’

நாங்க சொல்றோம். அந்த அலுவலகத்தில் அதன் பொருள் அவருக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு அவரே அதைச் சொல்லியிருக்கிறார், மேடத்தின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து. அப்படிச் சொன்ன யாரையும் அதற்குப் பிறகு வேலைக்குக் கூப்பிட்டதில்லை. ‘சரி மேடம். தேங்க்ஸ் மேடம்’ என்றார். அழைப்பு அறுந்தது. பெரிய திரையில் வேர்ப் படம் அப்படியே நின்றது.

‘சாஃப்ட்வேர் ஒட்டிக்குது’ என்றார். ‘ஒரு வரியப் பிடிச்சா இன்னொண்ணு வருது.’

மனைவி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே, முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். சாயங்காலம் மறுபடி வேலைக்குப் போகவேண்டியவள். தூங்கியது பாதி.

‘அந்தச் சொட்டு மருந்து கண்ணு காயறதுக்கு இல்ல. அப்படித்தானே?’

அவர் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

‘சரி. நேரா என்னப் பாருங்க. மூஞ்சியத் திருப்பக் கூடாது. கையக் கொண்டு வர்றேன். தெரிஞ்சா சொல்லுங்க.’

‘என்ன சின்னப்பிள்ள விளையாட்டு இது?’

‘பாருங்க.’

பார்த்தார். அவள் முகம் தெரிந்தது. நெற்றி தெரிந்தது, மூக்கு தெரிந்தது, கண் சிவந்திருந்ததுகூடத் தெரிந்தது. அதைச் சுற்றிப் புகைபோல் ஏதோ இருந்தது. புகை என்றுகூடச் சொல்ல முடியாது, அங்கே எதுவும் இல்லை என்பதே தெரியாதபடி ஒரு இல்லாமை.

‘இப்போ?’ என்றாள்.

‘தெரியல.’ முதல் தடவை அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது. வந்த உடனே பயமாக இருந்தது.

‘இப்போ?’

‘இல்ல.’

அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தார். சலவைக்கூடத்திலிருந்து வந்து, பாதித் தூக்கத்தில் எழுந்து, தன் எதிரே உட்கார்ந்து அழப்போகிறாள். அதைத் தடுக்க ஒரே வழிதான் அவருக்குத் தெரியும். கை இந்நேரம் எங்கே வந்திருக்கும் என்று கணக்குப் போட்டார். தோளைத் தாண்டியிருக்கும். காதுக்குப் பக்கம் வந்திருக்கும்.

‘இப்போ?’

‘ம்ம், தெரியுது’ என்றார். ‘இப்ப நல்லாத் தெரியுது.’

விசிறி இரைந்துகொண்டிருந்தது.

‘கை ரெண்டும் மடியிலதாங்க இருக்கு’ என்றாள். ‘நான் இன்னும் தூக்கவே இல்ல.’